எல்ல வரைக்கும் வாறீங்க, லயத்துப் பக்கமும் வாங்க

பரீட்சை முடிந்த அன்றே கெம்பஸ் வாட்ஸ்அப் குரூப்பில் அந்தக் கேள்வி வந்துவிடும்: "மச்சான், எல்ல போவமா?" யாழ்ப்பாணமோ மட்டக்களப்போ கொழும்போ, பிளான் ஒன்றுதான். வேன் பிடித்து பெரகலையால் ஏறினால் அப்புத்தளை, பண்டாரவளை, எல்ல. விடிய லிப்டன் சீட், மத்தியானம் ஒன்பது வளைவுப் பாலம், அடுத்த நாள் ஒஹியவால் ஏறி ஹோர்ட்டன் சமவெளியில் மரை பார்ப்பது, இறங்கும்போது தியலும நீர்வீழ்ச்சி. இரவுக்கு ஒரு ரூம், ஒரு போத்தல். அதே குரூப்பில் இருக்கும் தோட்டத்துப் பிள்ளைகளான எங்களிடம் கேட்பது ஒன்றே ஒன்று: "உங்கட ஊர்தானே, நல்ல இடம் சொல்லுங்கோவன்."

சொல்கிறோம். வர வேண்டாம் என்று ஒருநாளும் சொல்ல மாட்டோம். பதுளை மாவட்டத்து மலைகளைப் பார்த்துப் பெருமைப்படாத ஆள் எங்களில் யாருமில்லை. ஆனால் இந்தப் பாதையில் காட்சி, தேநீர், பங்களா, குளிர் என்று எல்லாமே விலைக்குக் கிடைக்கிறது. இந்த மலையை உண்டாக்கினவங்களுக்கு மட்டும் அதில் ஒரு மேசை போட்டு எதையாவது விற்க இடமில்லை. எங்கள் பிரச்சினை அதுதான்.

முதலில் தேநீர். வெளிநாட்டில் வைனுக்கென்றே பயணம் போவார்கள். எந்தச் சரிவில் விளைந்த திராட்சை, அந்த வருஷம் மழை எப்படி என்று கேட்டுக் கேட்டுக் குடிப்பார்கள். அப்படிக் குடிக்க வேண்டிய ஒன்று எங்கள் மலையிலும் இருக்கிறது. ஜூலையிலிருந்து செப்டெம்பர் வரை ஊவாச் சரிவுகளில் கச்சான் காற்று காய்ந்து வீசும். அந்த வரட்சியில் கொழுந்து மெதுவாக வளரும். அதில் ஒரு தனி வாசம் ஏறும். டார்ஜிலிங், சீனாவின் கீமுன் ஆகியவற்றோடு ஊவாத் தேயிலையையும் சேர்த்து உலகத்தின் பேர்போன மூன்று என்று சொல்வார்கள். அந்த வாசத்துக்குக் காரணமான பொருட்களில் ஒன்று மெத்தில் சாலிசிலேட். உடம்பு நோவுக்குப் பூசும் தைலங்களில் மணப்பதும் அதுதான். நாள் முழுக்கக் கொழுந்து எடுத்துவிட்டு வந்து எங்கள் அம்மாமார் இராத்திரி தோளில் தேய்க்கிற அதே மணம்.

ஒரு கிலோ தேயிலை செய்ய நாலரை, ஐந்து கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். நல்ல தரமெல்லாம் ஏலத்துக்குப் போய்விடும். லயத்துக் குசினியில் கொதிப்பது தூள்தான். அதில் ஊற்றிய சாயத் தண்ணிதான் எங்கள் வீட்டு உபசாரம். நாள் சம்பளம் 1,000 ரூபாயாக ஆனது 2021இல். அடிப்படைச் சம்பளம் 1,350 ஆனது 2024இல். எல்லயில் ஒரு கபேயில் உட்கார்ந்து கோப்பியும் கேக்கும் எடுத்தால் பில் என்ன வரும் என்று போனவர்களுக்குத் தெரியும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இது எங்கள் நாட்டில் மட்டும் நடக்கிற கூத்தில்லை. தென்னாப்பிரிக்காவின் ஸ்டெலன்பொஷ் ஊரில் 1971இல் ஆரம்பித்த வைன் பாதை இன்றைக்கும் உலகப் பிரசித்தம். தோட்டம் தோட்டமாகப் போய் ருசி பார்க்கலாம். ஆனால் அந்த மாகாணத்துத் திராட்சைத் தோட்டங்களில் 'டொப்' என்று ஒரு முறை இருந்தது: கூலியின் ஒரு பகுதியை மலிவு வைனாகவே தொழிலாளிக்கு ஊற்றிக் கொடுப்பது. 1961இல் சட்டத்தில் தடை வந்த பிறகும் பல வருஷம் ஓடியது. கர்ப்பத்திலேயே மதுவால் பாதிக்கப்பட்ட பிள்ளைகள் உலகத்திலேயே மிக அதிகமாகப் பிறக்கும் இடங்களில் ஒன்றாக அந்த மாகாணம் ஆனது. ருசி பார்க்க வந்தவர்களின் கிளாஸில் இந்தக் கதை தெரியாது.

எங்கள் பக்கமும் போத்தலுக்கு இரண்டு முகம். உங்களுக்கு அது குளிருக்கு ஒரு ஜாலி. எங்கள் லயங்களில் அது சம்பள நாளின் சண்டை, அடகுக்குப் போன தோடு, கசிப்பால் போன உயிர். குடிக்காதீர்கள் என்று பிரசங்கம் பண்ண வரவில்லை. ஆனால் தேயிலைக்குள் எறிகிற போத்தல் உடையும். அந்தச் செடிகளுக்கு நடுவே படங்கைக் கட்டிக்கொண்டு, பல நாள் வெறுங்காலோடு நடப்பது ஒரு பெண். வந்த பாட்டில் போத்தலைத் திரும்பக் கொண்டுபோவது பெரிய தியாகமா என்ன?

அடுத்தது மிருகங்கள். அப்புத்தளையில் தங்கமலைக் காட்டில் குருவி பார்க்கலாம். ஹோர்ட்டன் சமவெளியில் மரைகள் பழகினவை மாதிரி நிற்கும். நல்லது. ஆனால் காட்டு ஜீவன்கள் பூங்கா வேலியோடு நின்றுவிடுவதில்லை. தேயிலைக்கு நடுவே இருக்கிற காட்டுத் துண்டுகளிலும் சிறுத்தை நடமாடுகிறது. 2020 மே மாதம் நல்லதண்ணியில் கம்பிச் சுருக்கில் மாட்டிச் செத்த கருஞ்சிறுத்தையை மறந்திருக்க மாட்டீர்கள். பன்றிக்கு வைக்கிற சுருக்கில்தான் பெரும்பாலும் சிறுத்தை மாட்டும். எங்களுக்கு இன்னும் பயம் குளவி. கொழுந்து எடுக்கும்போது குளவி கொட்டி ஆஸ்பத்திரிக்குப் போவது, சிலர் திரும்பி வராமலே போவது, மலையகத்தில் அடிக்கடி வரும் செய்தி. எந்தக் கானில் சிறுத்தை இறங்கும், எந்த மரத்தில் கூடு இருக்கிறது என்று தோட்டத்துப் பொடியன்களுக்குத் தெரியும். அந்த அறிவுக்குக் காசு கொடுத்துக் கூட்டிப்போக யாரும் கேட்பதில்லை.

சாப்பாடும் அப்படித்தான். எல்லயில் பீட்சா கிடைக்கும், பாஸ்தா கிடைக்கும். சுடச்சுட ரொட்டியும் இடித்த கட்டச் சம்பலும், வெலிமடை உருளைக்கிழங்குப் பிரட்டலும் கிடைக்கிற தோட்டத்து வீட்டுக் கடையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஏன்? எங்கள் ஆளுங்களுக்கு வியாபாரம் தெரியாதா? சமைக்கத் தெரியாதா? நிலம் இல்லை. தோட்டக் காணி அரசாங்கத்துடையது. 1992க்குப் பிறகு நீண்டகாலக் குத்தகையில் கம்பெனிகள் நடத்துகின்றன. தலைமுறை தலைமுறையாக இருக்கிற லயத்து அறைக்கு உறுதி கிடையாது. உறுதி இல்லாமல் வங்கிக் கடன் இல்லை. வாசலில் ஒரு பெட்டிக்கடை போடவும் துரையிடம் கேட்க வேண்டும். அதே காணியில் பழைய துரை பங்களாக்கள் மட்டும் டொலர் கணக்கில் வாடகைக்குப் போகின்றன.

இதை இன்னும் கடுமையாகச் சொல்லும் ஒரு இடம் நீங்கள் போகிற பாதையிலேயே இருக்கிறது. தியலுமவில் படம் எடுப்பீர்களே, அது கொஸ்லந்தைப் பக்கம். அங்கேதான் மீரியபெத்தை. 2014 அக்டோபர் 29 காலையில் மலை சரிந்து லயங்களை மூடியது. ஆபத்து இருக்கிறது, எழும்பிப் போங்கள் என்று முன்பே எச்சரித்திருந்தார்கள். எழும்பி எங்கே போவது? போகக் காணி எங்கே? லிப்டன் துரை உட்கார்ந்து பார்த்த இடத்துக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது, சிலையும் வைத்தாயிற்று. இந்த மலையில் இருநூறு வருஷமாக இருக்கிறவர்கள் ஏழு பேர்ச்சுக்கு இன்னும் மனு எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

"டூரிசம் வளர்ந்தா உங்கட ஆக்களுக்கும் வேலை வரும்தானே" என்று சில நண்பர்கள் சொல்வார்கள். வேலை வருகிறதுதான்: ரூம் கூட்ட, கோப்பை கழுவ, கேட்டில் நிற்க. கொழுந்துக் கூடையை இறக்கிவிட்டுத் தும்புத்தடியைத் தூக்குவதை வளர்ச்சி என்று எங்களால் சொல்ல முடியவில்லை. சொந்தக் காணி இருந்தால் அதே குடும்பம் ஒரு அறையைத் திருத்தி உங்களைத் தங்க வைக்கும், சமைத்துத் தரும், மகன் மலை காட்டுவான். காசு வீட்டுக்குள் வரும். காணி உரிமை என்பது மேடைப் பேச்சு மட்டுமில்லை, உங்கள் டிரிப்பின் சாப்பாட்டு மேசையும் அதுதான் என்று நாங்கள் சொல்வது இதனால்தான்.

ஆகவே அடுத்த லீவுக்கு வாருங்கள். ஜூலைக்குப் பிறகு வந்தால் அந்தப் பருவத்துத் தேயிலை இருக்கிறதா என்று ஃபெக்டரிக் கடையில் கேட்டு வாங்கிக் குடியுங்கள். பால் விடாமல் ஒரு வாயாவது. கொழுந்து எடுக்கிற அக்காவைப் படம் எடுக்க முதல் கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். ஒரு நேரச் சாப்பாட்டையாவது தோட்டத்து ஆளுங்களின் கடையில் சாப்பிடுங்கள். குரூப்பில் இருக்கிற எங்களிடம் கேட்டால் எந்த வீட்டில், எத்தனை மணிக்கு என்று சொல்வோம். ஊருக்குப் போன பிறகு, மலையகக் காணி உரிமைக்கு உங்கள் கெம்பஸில் ஒரு கூட்டமோ கையெழுத்து வேட்டையோ நடந்தால், எல்லயில் எடுத்த படத்தை நினைத்துக்கொண்டு அங்கேயும் வாருங்கள்.