ஒரு வார அன்புக்காகப் பிரிக்கப்படும் பிள்ளைகள்

ஹைட்டியின் தலைநகரான போர்ட்-ஓ-பிரின்ஸுக்கு அமெரிக்கத் திருச்சபைக் குழுக்கள் வந்துபோவது ஏறக்குறைய நின்றுபோயிருக்கிறது. 2024 பிப்ரவரி இறுதியில் ஆயுதக் கும்பல்கள் கைகோத்து நகரைத் தாக்கின. அதே ஆண்டு நவம்பரில் பயணிகள் விமானங்கள் மீது குண்டு பாய்ந்ததும், அந்நகருக்குப் பறக்கத் தன் நாட்டு விமான நிறுவனங்களுக்கு அமெரிக்க அரசு தடை விதித்தது. அதற்கு முன்பு, குறிப்பாக 2010 ஜனவரி 12 நிலநடுக்கத்துக்குப் பிந்தைய ஆண்டுகளில், விடுமுறைக் காலம் வந்தாலே ஒரே நிறச் சட்டை அணிந்த ஊழியக் குழுக்கள் அந்த விமான நிலையத்தில் வந்து இறங்கும். ஏழெட்டு நாள் தங்குவார்கள். ஒரு சுவர் எழுப்புவார்கள் அல்லது பெயின்ட் அடிப்பார்கள். விடுமுறை வேதாகமப் பள்ளி நடத்துவார்கள். அனாதை இல்லம் ஒன்றுக்குப் போய்ப் பிள்ளைகளோடு பாடி, விளையாடி, படம் எடுத்துக்கொண்டு திரும்புவார்கள். வாசல் மறுபடியும் திறந்ததும் புறப்பட வேண்டும் என்று காத்திருக்கும் சபைகள் உண்டு. அவர்கள் புறப்படுவதற்கு முன், இந்த இடைவெளியிலேயே, ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். அனாதை இல்லத்துக்குப் போவது அந்தப் பயணத் திட்டத்திலிருந்து நீக்கப்பட வேண்டும்; அந்த இல்லங்களை வாழவைத்த பணம் பிள்ளைகளின் பெற்றோரிடம் போய்ச் சேர வேண்டும். அந்தப் பயணங்கள் பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்து பிரிப்பதற்குத் துணைபோயின என்பதற்குச் சான்றுகள் இருக்கின்றன.

முதல் சான்று, அந்த இல்லங்களில் இருப்பவர்கள் யார் என்பது. குழந்தைகளை இல்லங்களிலிருந்து மீட்டுக் குடும்பத்தோடு சேர்க்கப் பாடுபடும் லூமோஸ் அமைப்பு 2017-இல் வெளியிட்ட அறிக்கை, ஹைட்டியில் சுமார் 750 இல்லங்களில் ஏறத்தாழ 30,000 குழந்தைகள் இருப்பதாக மதிப்பிட்டது. அவர்களில் சுமார் 80 சதவீதத்தினருக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருப்பதாகவும் அது கூறியது. பிறகு ஏன் இல்லத்தில் இருக்கிறார்கள்? ஹைட்டியில் பெரும்பாலான பள்ளிகள் தனியார் பள்ளிகள். கட்டணம் இல்லாமல் படிப்பு இல்லை. காய்கறி விற்றோ துணி துவைத்தோ பிழைக்கும் தாய்க்கு மூன்று பிள்ளைகளின் கட்டணம் எட்டாத தொகை. வெள்ளைக்காரர்கள் உதவும் இல்லத்தில் விட்டால் மூன்று வேளைச் சோறு, சீருடை, படிப்பு எல்லாம் கிடைக்கும் என்று ஒருவர் வந்து சொல்லும்போது அவள் கையெழுத்துப் போடுகிறாள். அப்படிச் சொல்லிப் பிள்ளைகளைச் சேர்த்துக் கொடுக்கவே தரகர்கள் இருந்ததை அதே அறிக்கை பதிவு செய்திருக்கிறது. இந்த இல்லங்களுக்கு வெளிநாடுகளிலிருந்து ஆண்டுதோறும் வரும் நன்கொடை 7 கோடி டாலர் அளவில் இருக்கும் என்றும், அதில் பெரும்பங்கு அமெரிக்காவின் சமய அமைப்புகளிடமிருந்து வருகிறது என்றும் அது மதிப்பிட்டது. பணம் பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பார்த்து வருகிறது. பிள்ளைகளைப் பார்க்க ஆட்கள் வருகிறார்கள். ஆட்கள் வருவதால் மேலும் பணம் வருகிறது. இந்தச் சுழற்சியில் ஓர் இல்ல நடத்துநருக்குப் பிள்ளையைத் தாயிடம் திருப்பி அனுப்பக் காரணமே இல்லை. அந்தப் பணத்தில் ஒரு சிறு பகுதி பள்ளிக் கட்டணமாக அந்தத் தாயின் கைக்குப் போயிருந்தால் பிள்ளை வீட்டிலேயே வளர்ந்திருக்கும்.

நல்லெண்ணம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை உலகம் 2010-இலேயே பார்த்தது. நிலநடுக்கம் நடந்து மூன்று வாரம்கூட ஆகாத நிலையில், அமெரிக்க பாப்டிஸ்ட் சபையினர் பத்துப் பேர் 33 பிள்ளைகளைப் பேருந்தில் ஏற்றி, உரிய ஆவணங்கள் இல்லாமல் எல்லை தாண்டி டொமினிகன் குடியரசுக்குக் கொண்டுசெல்ல முயன்று பிடிபட்டார்கள். தாங்கள் அனாதைகளைக் காப்பாற்றுவதாகவே அவர்கள் சொன்னார்கள். விசாரித்தபோது அந்தப் பிள்ளைகளுக்குப் பெற்றோர் இருப்பது தெரியவந்தது. நல்ல படிப்புக் கிடைக்கும் என்ற வாக்கை நம்பி அவர்களே ஒப்படைத்திருந்தார்கள். பத்து ஆண்டுகள் கழித்து, 2020 பிப்ரவரியில், தலைநகருக்கு வெளியே மலைப்பகுதியில் அமெரிக்கக் கிறிஸ்தவக் குழு ஒன்று நடத்திய இல்லத்தில் இரவில் தீப்பிடித்து 15 குழந்தைகள் இறந்தார்கள். அந்த இல்லத்துக்கு உரிமம் இல்லை. மின்சாரம் இல்லாததால் மெழுகுவத்தி ஏற்றிவைத்திருந்ததாகச் செய்திகள் கூறின. இவை இரண்டும் விதிவிலக்குகள் என்று ஒதுக்கிவிட முடியாது. பிள்ளைக்குப் பெற்றோர் உண்டா என்று கேட்காதது முதல் நிகழ்ச்சியின் வேர். இல்லத்தின் தரத்தை யாரும் சோதிக்காதது இரண்டாவதன் வேர். ஒரு வாரம் வந்துபோகிறவர்களால் இந்த இரண்டு கேள்விகளையுமே கேட்க முடியாது. அவர்களுக்குக் கிரியோல் மொழி தெரியாது. எந்த அலுவலகத்தில் எந்தக் காகிதத்தைப் பார்க்க வேண்டும் என்பதும் தெரியாது.

இல்லம் பாதுகாப்பானதாகவே இருந்தாலும் வந்துபோகும் அன்பு குழந்தைக்குக் கேடு செய்கிறது. இந்தப் பயணங்களைப் பற்றிப் பேசும்போது பலரும் தொடாமல் விடுவது இதைத்தான். ருமேனியத் தலைநகர் புகாரெஸ்டில் 2000-ஆம் ஆண்டு தொடங்கிய ஆய்வு ஒன்றில், இல்லங்களில் வளர்ந்த 136 குழந்தைகளில் பாதிப்பேர் வளர்ப்புக் குடும்பங்களுக்கு மாற்றப்பட்டார்கள். குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்ததால் இரு பிரிவினரையும் நேர்மையாக ஒப்பிட முடிந்தது. குடும்பத்துக்குப் போனவர்கள் அறிவு வளர்ச்சியிலும், ஒருவரிடம் உறுதியாக ஒட்டிக்கொள்ளும் திறனிலும் முன்னேறினார்கள். இரண்டு வயதுக்கு முன்பே போனவர்களிடம் பலன் இன்னும் கூடுதல். இல்லக் குழந்தைகளிடம் இன்னொன்றையும் ஆய்வாளர்கள் நெடுங்காலமாகக் கவனித்துவருகிறார்கள். முன்பின் தெரியாத ஆளிடமும் தயக்கமின்றி ஓடிப்போய் மடியில் ஏறிக்கொள்வது, கையைப் பிடித்துக்கொண்டு விடாமல் இருப்பது. ஊழியக் குழுவினர் ஊருக்குத் திரும்பிச் சபையில் சாட்சி சொல்லும்போது பெரும்பாலும் இதைத்தான் சொல்கிறார்கள்: இறங்கிய நொடியே பிள்ளைகள் ஓடிவந்து கட்டிக்கொண்டார்கள் என்று. அது அன்பின் நிறைவு அல்ல. நிலையான ஒருவர் இல்லாமல் வளர்ந்த குழந்தையிடம் தெரியும் பாதிப்பு. அப்படி ஒட்டிக்கொண்டவர் ஏழாம் நாள் விமானம் ஏறுகிறார். அடுத்த வாரம் வேறொருவர் வருகிறார். பிரிவைத் தாங்கும் வலு மிகக் குறைவாக உள்ள பிள்ளைகளுக்குத்தான் ஆண்டு முழுக்கப் பிரிவு கிடைக்கிறது. ஐ.நா. பொதுச்சபை 2019 டிசம்பரில் குழந்தை உரிமைகள் குறித்து ஏற்ற தீர்மானத்தில், இல்லங்களில் நடக்கும் தன்னார்வச் சுற்றுலாவின் தீங்கைத் தடுக்கும்படி நாடுகளைக் கேட்டுக்கொண்டதற்கு இப்படிப்பட்ட சான்றுகளே அடிப்படை.

நேரில் போய்ப் பார்க்காவிட்டால் பணம் வராது என்பது இதற்குச் சொல்லப்படும் முதல் மறுப்பு. ஒரு குழந்தையின் கையைப் பிடித்தவர்தான் காணிக்கைப் பெட்டியில் போடுவார் என்கிறார்கள். ஆனால் ஆய்வு இதை ஆதரிக்கவில்லை. 1998-இல் மிட்ச் சூறாவளி ஹோண்டுராஸைச் சூறையாடிய பிறகு அங்கே வீடு கட்டப் போன வட அமெரிக்கக் குழுக்களை, கால்வின் கல்லூரியைச் சேர்ந்த சமூகவியலாளர் கர்ட் வெர் பீக் ஆராய்ந்தார். அவரும் கிறிஸ்தவர், கல்லூரியும் கிறிஸ்தவக் கல்லூரி. உள்ளூர் அமைப்புகள் ஒரு வீட்டைச் சுமார் 2,000 டாலரில் கட்டின. ஒரு குழு வந்து ஒரு வீட்டைக் கட்டிவிட்டுப் போகப் பயணச் செலவு உட்பட ஏறக்குறைய 30,000 டாலர் ஆனது. வீடு பெற்ற குடும்பங்களின் வாழ்வில், அதை யார் கட்டியது என்பதால் எந்த வேறுபாடும் தெரியவில்லை. பயணம் போய்வந்தவர்களின் காணிக்கைப் பழக்கத்திலும் நீடித்த மாற்றம் எதையும் அவர் பெரிதாகக் காணவில்லை. பணம் வருவதற்காகப் பயணம் தேவை என்ற வாதம் இங்கே நொறுங்குகிறது: பயணமே பணத்தைத் தின்றுவிட்டு, பிறகு எதிர்பார்த்த அளவுக்குக் கொண்டுவரவும் இல்லை.

போகிற இளைஞர்கள் மாறுகிறார்களே என்ற அடுத்த வாதத்தை அவ்வளவு எளிதாகத் தள்ளிவிட முடியாது. சமூகவியலாளர் ராபர்ட் வுத்னோவின் மதிப்பீட்டின்படி 2005-இல் மட்டும் சுமார் 16 லட்சம் அமெரிக்கர்கள் குறுகிய கால ஊழியமாக வெளிநாடு சென்றார்கள். பதினேழு வயதுப் பிள்ளை தன் ஊரின் வசதிக்கு வெளியே உலகம் எப்படி இருக்கிறது என்று பார்ப்பது நல்லதுதான். அந்தக் கல்விக்கு ஆகும் விலையை யார் கொடுக்கிறார்கள் என்பதே கேள்வி. ஒருவரின் மனமாற்றத்துக்கு இன்னொருவரின் குழந்தைப் பருவத்தைப் பாடப்புத்தகமாக்குவதை எந்த நல்ல நோக்கமும் நியாயப்படுத்தாது. பார்த்துக் கற்கத்தான் போகிறோம் என்றால், அதையே வெளிப்படையாகச் சொல்லிவிட்டு, ஹைட்டியச் சபை ஒன்றின் விருந்தினராகப் போய், அவர்கள் சொல்கிறபடி நடந்து, அவர்களின் ஆராதனையில் உட்கார்ந்து கேட்டுவிட்டுத் திரும்பலாம். ஹைட்டி மக்களில் மிகப் பெரும்பாலோர் ஏற்கெனவே கிறிஸ்தவர்கள். அங்கே போதகர்களுக்கும் பஞ்சமில்லை, ஜெபத்துக்கும் பஞ்சமில்லை.

சமமானவர்களாக வந்து பழகுங்கள் என்ற இந்தக் கோரிக்கையை நூறு ஆண்டுகளுக்கும் முன்பே உலக மேடையில் வைத்தவர் ஒரு தமிழர். வெள்ளாளன்விளையில் 1874-இல் பிறந்த வி.எஸ். அசரியா, 1910 எடின்பரோ உலக மிஷனரி மாநாட்டில் பேசியபோது, மேற்கத்திய மிஷனரிகளின் தியாகத்துக்கு நன்றி சொல்லிவிட்டு, எங்களுக்கு வேண்டியது உங்கள் நட்பு என்று கேட்டார். அங்கிருந்த பலருக்கு அது சங்கடமாக இருந்தது. கொடுப்பவர் உயரத்திலும் பெறுபவர் கீழேயும் நிற்கும் உறவில் அன்பு இருக்கலாம், சமத்துவம் இருக்காது என்பதை அவர் உள்ளிருந்தே பார்த்தவர். அவரே ஊழியத்துக்காகத் தெலுங்கு கற்றார். டோர்னக்கலின் ஆயராகி, 1945-இல் இறக்கும் வரை அங்கேயே இருந்தார். கிறிஸ்தவ ஊழியத்தின் மீது விமர்சனம் வைப்பதே மதவிரோதம் என்று சொல்பவர்களுக்கு அவரைவிட நல்ல பதில் இல்லை. திக்கற்ற பிள்ளைகளைக் கவனிக்கும்படி யாக்கோபின் நிருபம் கட்டளையிடுகிறதே என்பவர்கள், அதே வசனத்தில் விதவைகளும் சேர்ந்தே சொல்லப்பட்டிருப்பதை நினைக்க வேண்டும். கணவனை இழந்த தாயிடமிருந்து பிள்ளையைப் பிரித்துவிட்டு, பிள்ளையை மட்டும் ஒரு வாரம் கொஞ்சுவது அந்தக் கட்டளையின் பாதியைக்கூட நிறைவேற்றாது.

இந்தியர்கள் இதைத் தூரத்திலிருந்து மட்டும் பார்க்க முடியாது. 2007-இல் மாமல்லபுரம் பகுதி அனாதை இல்லங்களில் குழந்தைகள் சுரண்டப்படுவதாக ஒரு நாளிதழில் வந்த செய்தியிலிருந்து தொடங்கிய வழக்குதான், 2017 மே மாதம் நாடு முழுவதும் உள்ள குழந்தைகள் இல்லங்களைப் பதிவு செய்யச் சொல்லும் உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் முடிந்தது. சுற்றுலாப் பயணிகள் வரும் ஊரில் இல்லங்கள் முளைப்பதும், அங்கே குழந்தைகள் பாதுகாப்பற்றுப் போவதும் ஹைட்டிக்கு மட்டும் நேரும் கேடு அல்ல. நம் சிறார் நீதிச் சட்டம் இல்லத்தில் வைப்பதைக் கடைசி வழியாகவே கருதுகிறது.

உண்மையிலேயே யாருமற்ற பிள்ளைகளும் ஹைட்டியில் உண்டு. இப்போது அதிகமாகவே உண்டு. கும்பல் வன்முறையால் 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடிழந்து அலைகிறார்கள். கூலியின்றிப் பிறர் வீட்டில் வேலை செய்யும் 'ரெஸ்தாவெக்' முறை குழந்தைகளுக்காகக் காத்திருக்கிறது. கும்பல்களும் சிறுவர்களைச் சேர்க்கின்றன. ஆகவே இல்லங்களுக்குப் போகும் பணத்தை ஒரே நாளில் நிறுத்துவது கொடுமை. கதவு மூடினால் பிள்ளைகள் தெருவுக்குத்தான் வருவார்கள். செய்ய வேண்டியது படிப்படியான வேலை. சபை தான் உதவும் இல்லத்திடம் ஒவ்வொரு பிள்ளையின் பெற்றோர் விவரத்தையும், அரசின் சமூகநலத் துறை தந்த உரிமத்தையும் கேட்க வேண்டும். தர மறுத்தால், ஹைட்டியச் சமூகப் பணியாளர்கள் அந்தப் பிள்ளைகளுக்கு வேறு ஏற்பாடு செய்யும்வரை பொறுத்து, பிறகு உதவியை மாற்ற வேண்டும். குடும்பத்தைத் தேடிக் கண்டுபிடிப்பதற்கும், பிள்ளை திரும்பிய பிறகு ஓரிரு ஆண்டுகள் தொடர்ந்து போய்ப் பார்ப்பதற்கும் ஆகும் சம்பளத்தைச் சபை ஏற்கலாம். ருவாண்டா 2012 முதல் அரசுத் திட்டமாகவே இதைச் செய்து ஆயிரக்கணக்கான பிள்ளைகளைக் குடும்பங்களில் சேர்த்திருக்கிறது. அறுவை சிகிச்சை மருத்துவர்கள்போல அங்கே கிடைக்காத திறன் உள்ளவர்கள், உள்ளூர் மருத்துவமனை அழைத்தால் போகட்டும். மற்றவர்களின் விமானச் செலவு, பள்ளி தொடங்கும் பருவத்தில், கட்டணமாக உள்ளூர்ச் சபைகள் வழியே தாய்மாரிடம் போகட்டும். அதற்கு விமான நிலையம் திறக்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை.