போன்ல 4 டிகிரி, புல்வெளியில் ஐஸ்: ஊட்டி உறைபனியின் கணக்கு என்ன?

ஜனவரி பிறந்தால் ஊட்டி ரீல்ஸ் வரிசை கட்டும். தலைகுந்தா புல்வெளி வெள்ளை வெளேர்னு கிடக்கும், கார் கண்ணாடியில் படிந்த ஐஸை யாராவது ஏடிஎம் கார்டால் சுரண்டிக்கொண்டிருப்பார்கள், தலைப்பில் தவறாமல் 'மினி காஷ்மீர்' இருக்கும். கமென்ட்டில் ஒருத்தர் கேட்பார்: "ஆப்ல 4 டிகிரின்னு காட்டுது, அப்புறம் எப்படி ஐஸ்?"

நியாயமான கேள்விதான். தேயிலை விவசாயிக்கு அது வருமானம் சம்பந்தப்பட்ட கேள்வியும்கூட.

விழுவது இல்லை, உருவாவது

காஷ்மீரில் பனி மேகத்திலிருந்து கொட்டுகிறது. ஊட்டியில் நடப்பது நேரெதிர். மேகம் இருந்தால் உறைபனியே வராது. பகலில் வாங்கிய வெப்பத்தைத் தரை இரவெல்லாம் வானத்துக்குத் திருப்பி அனுப்புகிறது. மேகம் இருந்தால் போர்வை மாதிரி அதைத் தடுத்து வைக்கும். வானம் தெளிவாக, காற்று அசையாமல், ஈரப்பதம் குறைவாக இருக்கும் இரவில் அந்த வெப்பம் தடையில்லாமல் வெளியேறிவிடும். தரையும் புல்லும் தங்களைச் சுற்றியுள்ள காற்றைவிட வேகமாகக் குளிர்ந்து, மேலே படிந்த ஈரம் உறைகிறது.

அதிகாரப்பூர்வ வெப்பமானி இருப்பது தரையிலிருந்து சுமார் 4 அடி உயரத்தில், ஒரு மரக்கூண்டுக்குள். அங்கே 4 டிகிரி இருக்கும்போது புல் நுனியில் பூஜ்ஜியத்துக்குக் கீழே போயிருக்கலாம். போன் ஆப் காட்டுவதோ பல நேரம் ஒரு பரந்த பகுதிக்கான கணிப்பு. ஆக, இரண்டுமே பொய் இல்லை.

உயரம் மட்டும் காரணமா?

ஒவ்வொரு 1,000 மீட்டர் ஏறும்போதும் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி குறையும். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருப்பதால், மேட்டுப்பாளையத்தில் ஃபேன் ஓடும் நேரத்தில் அங்கே ஸ்வெட்டர் தேவைப்படுகிறது. ஆனால், உயரம் மட்டுமே காரணம் என்றால் 2,637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டா சிகரத்தில்தான் உறைபனி அதிகம் இருக்க வேண்டும். நடைமுறையில் காந்தல், தலைகுந்தா மாதிரி தாழ்வான இடங்கள்தான் முதலில் வெள்ளையாகின்றன. குளிர்ந்த காற்று கனமானது. தண்ணீர் மாதிரி சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும்.

யாருக்கு அடி?

இங்கேதான் 'மினி காஷ்மீர்' தலைப்பு உறுத்துகிறது. பள்ளத்தில் ஒரு ஏக்கர் வைத்திருப்பவரின் தேயிலை ஒரே இரவில் கருகும், மேட்டில் இருக்கும் பக்கத்துத் தோட்டம் பச்சையாகவே நிற்கும். இலைக்குள் இருக்கும் நீர் உறைந்து திசுக்கள் சிதைய, வெயில் ஏறியதும் கொழுந்து தீயில் வாட்டியது போல ஆகிவிடும். பச்சைத் தேயிலையைக் கிலோ கணக்கில் தொழிற்சாலைக்குக் கொடுத்துப் பிழைக்கும் சிறு விவசாயிக்கு, கருகிய செடியைக் கவாத்து செய்து மறுபடி கொழுந்து பார்க்கும் வரை அந்தப் பகுதியில் பறிப்பு இல்லை.

தேதியும் முக்கியம். வடகிழக்குப் பருவமழை நீடித்தால் டிசம்பர் முழுக்க மேகமாக இருக்கும், உறைபனி தள்ளிப்போகும். 'இந்த வருஷம் தப்பிச்சோம்' என்று தோன்றும். மழையில் துளிர்த்த இளம் கொழுந்து செடி நிறைய இருக்கும் நேரத்தில் ஜனவரியில் வானம் வெளுத்தால், இழப்பு இன்னும் பெரிது.

தடுக்க முடியுமா?

ஊட்டி தாவரவியல் பூங்காவில் மலர்ச் செடிகளைக் கோத்தகிரி மிலார் போட்டு மூடுவார்கள். கேரட், பீட்ரூட் போட்டவர்கள் விடிவதற்குள் ஸ்பிரிங்க்ளரைத் திறந்து, வெயில் படும் முன்பே ஐஸைக் கழுவிவிடப் பார்ப்பார்கள். சரிவில் உள்ள தேயிலைக்கு அவ்வளவு தண்ணீர் ஏது? தோட்டத்துக்குள் நிற்கும் சில்வர் ஓக் மரங்களின் கிளைகள் மேகம் செய்யும் வேலையைக் கொஞ்சம் செய்யும். ஆனால், மரம் வளர வருஷங்கள் ஆகும்.

அதனால் பெரும்பாலானவர்களுக்கு மிச்சமிருப்பது பழைய வழிதான். ராத்திரி 9 மணிக்கு வெளியே வந்து பார்ப்பது: நட்சத்திரம் பளிச்சென்று தெரிந்து, இலைகூட அசையவில்லை என்றால், வைக்கோலோ சருகோ கிடைத்ததைக் கொண்டு நாற்றுகளை மூட வேண்டிய இரவு அது.