பெரிய சக்கரமா, பெரிய இரும்பா?

சிறிய காருக்குப் பெரிய அலோய் றிம்மும் தட்டையான டயரும் பூட்டும் மோகம் கொழும்பிலே தொடங்கி, ஊர் ஊராகப் பரவி, இப்போது எங்கள் கிளிவெட்டி வரையும் வந்து சேர்ந்திருக்கிறது. யப்பானில் 14 அங்குல றிம்மோடு செய்யப்பட்ட சுசுகி வேகன் ஆர் கார்கள், வயற்கரை வீதிகளில் 16 அங்குல றிம்மோடு ஓடுவதைக் காண்கிறேன். பார்வைக்கு அழகாகத்தான் இருக்கின்றன. அந்த அழகைப் பழிப்பது என் நோக்கமன்று. அதற்கு விலையாக எதைக் கொடுக்கிறோம் என்பதை விற்பவர் சொல்வதில்லை, வாங்குபவர் கேட்பதுமில்லை. யாராவது சொல்லியாக வேண்டும் என்பதாலேயே இதை எழுதுகிறேன்.

இளைஞர்களைக் குறைகூறப் புறப்படுமுன் ஒன்றை நினைவிற் கொள்ளவேண்டும். என் தலைமுறையினர் இங்கிருந்து திருகோணமலை நகருக்குப் போவதென்றால் மூதூருக்குச் சென்று, லாஞ்சில் ஏறிக் கொட்டியாரக் குடாவைக் கடக்கவேண்டும். தரைவழியே போனால் துறைகள் தோறும் 'பாதை' வரும்வரை கரையிலே காத்துக்கிடக்க வேண்டும். 2006இல் மாவிலாற்று அணைக்கட்டை முன்னிட்டு மூண்ட போர், இருந்த வீதிகளையும் மக்களுக்கு இல்லாமற் செய்தது. சம்பூரிலிருந்து துரத்தப்பட்டவர்கள் கிளிவெட்டி இடைத்தங்கல் முகாமிலே ஆண்டுக்கணக்கில் அடைபட்டுக் கிடந்தார்கள். 2009 ஒக்டோபரில் ஏறத்தாழ 400 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. ஏனைய துறைகளிலும் பாலங்கள் எழுந்தன. ஏ15 வீதிக்குக் காபட் இடப்பட்டது. உழவு இயந்திரப் பெட்டியில் குந்தியிருந்து பயணம் செய்த பிள்ளைகள், வளர்ந்து, உழைத்து, தமக்கென்று ஒரு கார் வாங்குகிறார்கள். அதை அலங்கரித்துப் பார்க்க ஆசைப்படுகிறார்கள். அந்த ஆசையின் நியாயம் எனக்கு விளங்குகிறது.

காரும் இலேசாகக் கிடைத்துவிடவில்லை. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, சொந்தப் பாவனைக் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேதான் மீண்டும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில் பழைய கார்களின் விலை ஏறிய ஏற்றத்தை நாடறியும். ஆகவே, நம்மவர் வீட்டு முற்றத்தில் நிற்கும் சிறிய காரின் பின்னால் வளைகுடாவில் பட்ட வெயிலோ, அடகிலிருக்கும் நகையோ, லீசிங் கம்பனிக்கு மாதந்தோறும் கட்டும் பணமோ இருக்கிறது. இவ்வளவு பாடுபட்டு வாங்கிய வாகனத்தின் பலத்தைக் குறைப்பதற்கு மேலும் பணம் செலவழிப்பது சரியா என்பதே என் கேள்வி.

பலத்தைக் குறைப்பதா, பெரிய சக்கரம் பலமானதல்லவா என்று கேட்பார்கள். இந்த இடத்திலேதான் பலரும் ஏமாறுகிறார்கள். எங்கள் முன்னோர் மாட்டு வண்டிக்கு ஆளுயரச் சக்கரம் பூட்டியது உண்மை. சேற்று நிலத்திலும் பள்ளமான பாதையிலும் உயரமான சக்கரம் குழிக்குள் அதிகம் இறங்காமல் உருண்டு போகும். உழவு இயந்திரத்தின் பின் சக்கரம் உயரமாக இருப்பதற்கும் அதுவே ஒரு காரணம். ஆனால் காருக்குப் 'பெரிய வீல்' பூட்டும்போது சக்கரத்தின் முழு உயரம் கூடுவதில்லை. மட்காட்டுக்குள் இருக்கும் இடம் அளவானது. வேகமானியும் பழைய உயரத்தை வைத்தே கணக்கிடுகிறது. எனவே முழு உயரத்தை ஏறக்குறைய அப்படியே வைத்துக்கொண்டு, உள்ளே இருக்கும் றிம்மைப் பெருப்பிக்கிறார்கள். றிம் பெருத்தால் ரப்பருக்கும் காற்றுக்கும் உள்ள இடம் சிறுத்துப் போகும்.

டயரின் பக்கத்திலே பொறித்திருக்கும் எண்களைக் கொண்டு எவரும் இதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 155/65 ஆர் 14 என்றிருந்தால், டயரின் அகலம் 155 மில்லிமீற்றர். பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் 65 வீதம், அதாவது ஏறத்தாழ 101 மில்லிமீற்றர். றிம்மின் விட்டம் 14 அங்குலம். சக்கரத்தின் முழு உயரம் 557 மில்லிமீற்றர். வேகன் ஆர் ரகங்கள் பலவற்றுக்குத் தொழிற்சாலையே கொடுக்கும் அளவு இதுதான். ஸ்டிங்ரே ரகங்கள் சிலவற்றில் 165/55 ஆர் 15 வருகிறது. அதன் பக்கச் சுவர் 91 மில்லிமீற்றர். முழு உயரம் 562. கடையில் மாற்றிப் பூட்டும் 165/45 ஆர் 16 அளவில் முழு உயரம் 555. பக்கச் சுவரோ வெறும் 74 மில்லிமீற்றர். 14இலிருந்து 16க்குப் போனவருடைய சக்கரம் 2 மில்லிமீற்றர் குறைந்திருக்கிறது. குழிக்கும் றிம்மின் இரும்புக்கும் இடையில் இருந்த காற்று மெத்தையில் நாலில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது.

காரின் பாரத்தைச் சுமப்பது பெரும்பாலும் டயருக்குள் அடைபட்ட காற்றுத்தான். 1888இல் ஜோன் பொய்ட் டன்லொப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்ற நாள்முதல் இதுவே அதன் அடிப்படை. குழியின் விளிம்பிலே சக்கரம் மோதும்போது பக்கச் சுவர் மடிந்து கொடுத்து அந்த அடியை வாங்குகிறது. மடிவதற்கு இடம் போதாவிட்டால், றிம்முக்கும் குழியின் விளிம்புக்கும் நடுவே ரப்பர் நசுங்குகிறது. உள்ளேயிருக்கும் நூலிழைகள் அறுகின்றன. மறுநாள் டயரின் பக்கத்திலே முட்டை போல ஒரு வீக்கம் தெரியும். தரையில் படும் பகுதியில் ஆணி குத்தினால் ஒட்டுக்கடையில் ஒட்டலாம். பக்கச் சுவரின் வீக்கத்துக்கு மருந்தில்லை. அந்த டயரை வீசத்தான் வேண்டும். வீசாமல் ஓடினால் அது எங்கே, எந்த வேகத்தில் வெடிக்கும் என்று எவராலும் சொல்லமுடியாது. றிம்மின் கதையும் இதுவே. இரும்பு றிம் நெளிந்தால் தட்டி நிமிர்த்தி ஒருவாறு வீடு வந்து சேரலாம். மலிவான வார்ப்பு அலோய் றிம் நெளிவதற்குப் பதில் வெடிக்கும்.

தட்டையான டயரினால் நன்மையே இல்லை என்று நான் சொல்லவில்லை. 1970களின் நடுப்பகுதியில் பிரெல்லி நிறுவனத்தின் பீ 7 டயர் போர்ஷே 911 டர்போ போன்ற கார்களுக்கு வந்தபோது, அதற்குத் தக்க காரணம் இருந்தது. அதிவேகத்தில் வளைவிலே திரும்பும்போது உயரமான பக்கச் சுவர் சாய்ந்து கொடுக்கும். தாழ்ந்த சுவர் சாயாது. சுக்கானைத் திருப்பியவுடன் கார் திரும்பும். பெரிய றிம்முக்குள் பெரிய பிறேக் தட்டையும் வைக்கலாம். அந்தக் கார்களின் வலுவுக்கும் வேகத்துக்கும் இவை தேவைப்பட்டன. எங்கள் வேகன் ஆர் காரின் இயந்திரம் 660 கன சென்ரிமீற்றர்; வலு 52 குதிரை. ஊர்மனைக்கு வெளியே இலங்கையில் காருக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச வேகம் மணிக்கு 70 கிலோமீற்றர். பிறேக்கும் பழைய பிறேக்குத்தான். ஓட்டப் பந்தயக்காரனின் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வயல் வரம்பிலே நடப்பதால் கால்தான் நோகும்.

இன்னொரு சுமையும் உண்டு. கனமான சக்கரத்தைச் சுழற்றவும் நிறுத்தவும் கூடுதல் வலு வேண்டும். பெரிய இயந்திரத்துக்கு அது தெரியாது. சிறிய இயந்திரத்துக்குத் தெரியும். மிதித்தவுடன் பாயும் துடிப்புக் குறையும், பெற்றோல் செலவு ஏறும். றிம்மைப் பெருப்பித்தவர்கள் அதற்கேற்ப 185, 195 என்று அகலமான டயரையும் பூட்டிவிட்டால், மாரி மழையில் வேறோர் ஆபத்து. இலேசான காரின் பாரம் அகலமான பரப்பிலே பகிரப்படும்போது, தேங்கிய நீரைப் பிதுக்கித் தள்ளித் தரையைப் பற்றும் திறன் குறைகிறது. ஒக்டோபரிலிருந்து சனவரி வரை வீதியில் நீர் நிற்கும் பிரதேசத்தில் வாழ்பவர் இதை அலட்சியம் செய்யலாகாது.

வீதியைப் பற்றியும் சொல்லவேண்டும். 'இப்போது எல்லாம் காபட் வீதிதானே, மாமா' என்று எனக்குச் சொன்ன இளைஞர்கள் பலர். ஏ15 காபட் வீதிதான். ஆனால் எவருடைய வீடும் ஏ15இன் நடுவே இல்லை. பிரதான வீதியிலிருந்து இறங்கினால் கொங்கிறீற்று, பிறகு கிறவல், பிறகு வாய்க்கால் ஓரம் என்று பாதை மாறிக்கொண்டே போகும். கொங்கிறீற்று முடிந்து கிறவல் தொடங்கும் இடத்தில் மழை அரித்த படி ஒன்று இருக்கும். மதகின் இரு பக்கமும் மண் இறங்கியிருக்கும். அறுவடைக் காலத்தில் நெல் ஏற்றிய உழவு இயந்திரங்கள் தடம் போட்டிருக்கும். காபட் வீதியும் சாசுவதமன்று. 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயலோடு வந்த வெள்ளம் நாடெங்கும் வீதிகளையும் பாலங்களையும் என்ன செய்தது என்பதைக் கண்டோம். எங்கள் மூதூர்ப் பகுதியும் தப்பவில்லை. வாகனத்துக்கு டயர் தெரிவு செய்பவர், தாம் போகும் வீதிகளில் மிக மோசமானதை மனத்தில் வைத்துத் தெரிவு செய்யவேண்டும்.

கிராமத்திலே ஒரு கார் அதை வாங்கியவருக்கு மட்டும் உரியதாக இருப்பதில்லை என்பதையும் நான் முக்கியமாகக் கருதுகிறேன். 1990 சுவசரிய அம்புலன்ஸ் வண்டி இருக்கிறது, நல்ல சேவைதான். ஆனாலும் நள்ளிரவில் பாம்பு கடித்தாலோ, பிரசவ வலி எடுத்தாலோ, அயலவர் முதலில் ஓடிவந்து தட்டுவது கார் நிற்கும் வீட்டுக் கதவைத்தான். மூதூர் ஆஸ்பத்திரிக்கோ திருகோணமலைக்கோ விளக்கில்லாத வீதியிலே போகவேண்டும். யானை நின்றால் பிறேக் போட வேண்டும், குழி கண்ணுக்குத் தெரியாது, காருக்குள்ளே ஐந்து பேர். அந்த நேரத்தில் 74 மில்லிமீற்றருக்கும் 101 மில்லிமீற்றருக்கும் உள்ள வேறுபாடு அழகு சம்பந்தப்பட்ட விடயமாக இராது.

பணக் கணக்கும் பார்க்கலாம். 14 அங்குல டயர் வெடித்தால் பக்கத்து நகரத்திலேயே வேறொன்று வாங்கலாம். 165/45 ஆர் 16 அப்படி எல்லாக் கடையிலும் அடுக்கி வைக்கும் சாமான் அன்று. 2020இல் டயர் இறக்குமதிக்கும் கட்டுப்பாடு வந்ததையும், 2022 நெருக்கடியில் உதிரிப்பாகங்களுக்கு நாம் அலைந்ததையும் மறந்துவிடக் கூடாது. அருமையான அளவை நம்பி வாழ்பவர் முதலில் அகப்படுவார். யப்பானில் கழற்றிய பழைய றிம்மோடு சேர்த்து விற்கப்படும் டயரை வாங்குவோர், அதன் பக்கத்திலுள்ள நாலிலக்க எண்ணைப் படிக்கட்டும். 2318 என்றிருந்தால் அது 2018ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்யப்பட்டது. பூக்கள் தேயாமல் இருந்தாலும் ரப்பருக்கு வயது போயிருக்கும்.

அரசு பார்த்துக்கொள்ளும் என்றும் இருந்துவிட முடியாது. சொந்தப் பாவனைக் காருக்கு ஆண்டு வருமான அனுமதிப் பத்திரம் எடுக்கும்போது புகையைச் சோதிக்கிறார்கள். டயரின் சுமை தாங்கும் எண்ணையோ, றிம்மிலுள்ள வெடிப்பையோ அந்தச் சோதனை பார்ப்பதில்லை. பார்க்கவேண்டியவர் சொந்தக்காரர்தான்.

ஆசையை விடமுடியாதவர்களுக்கு என் யோசனை இது. அதே ரகக் காருக்குத் தொழிற்சாலை வேறொரு பெரிய அளவைத் தந்திருந்தால், அந்த அளவு வரை போகலாம். வேகன் ஆருக்கு அது 15 அங்குலம். அதற்கு மேல் வேண்டாம். முழு உயரம் பழைய சக்கரத்தோடு ஏறக்குறைய ஒத்திருக்கவேண்டும். கணக்குப் பாராமல் 165/55 ஆர் 16 பூட்டினால் உயரம் 588 மில்லிமீற்றராகி, வேகமானி 60 என்று காட்டும்போது கார் 63க்கு மேல் ஓடும். சக்கரம் மட்காட்டிலும் உரசலாம். டயரின் சுமை எண் பழையதை விடக் குறையக் கூடாது. 75 என்றால் ஒரு டயர் 387 கிலோ தாங்கும். 74 என்றால் 375. காற்றழுத்தத்தை வாரந்தோறும் பாருங்கள். தட்டையான டயரில் காற்றுக் குறைந்தால் றிம்முக்குத்தான் முதல் அடி. கழற்றிய இரும்பு றிம்களை விற்றுவிடாமல் வீட்டிலே வையுங்கள்.

என்னிடம் நேரே கேட்பவர்களுக்கு நான் சொல்வது இன்னும் சுருக்கமானது. அந்தப் பணத்தில் பழைய அளவிலேயே நாலு புதிய, தரமான டயர் வாங்குங்கள். வீல் அலைன்மன்ற் பார்த்துக்கொள்ளுங்கள். மிச்சப் பணத்தில் லீசிங்கில் ஒரு மாதத் தவணையைக் கட்டிவிடுங்கள். கார் பழையபடியே நிற்கும். எவரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். ஆனால் கிறவல் வீதியில் அதில் ஏறிப்போகும் அம்மாவின் முதுகுக்கு வித்தியாசம் தெரியும்.