அந்தப் பெண் எங்கும் போகவில்லை

முதலில் கதையைச் சரியாகச் சொல்லிவிடுகிறேன். '3' படத்தில் காதல் தோற்கவில்லை. ராமும் ஜனனியும் பள்ளிக்கூடத்தில் காதலித்துக் கல்யாணமும் செய்துகொள்கிறார்கள். அவள் அவனை விட்டுப் போகவே இல்லை. அவனுக்கு பைபோலார் நோய். அவளிடம் மறைக்கிறான், கடைசியில் தற்கொலை செய்துகொள்கிறான். அந்தப் படத்தின் 'போ நீ போ' பாட்டைத்தான் இத்தனை வருஷமாக லவ் ஃபெயிலியர் பாட்டு என்று சொல்லிக்கொண்டு திரிகிறோம். படம் பார்க்காதவன் சொன்னால் பரவாயில்லை. பார்த்தவன்தான் அதிகம் சொல்கிறான்.

2012இல் ஆர்.கே.பேட்டையில் நாங்கள் இந்தப் பாட்டைக் கேட்டது மெமரி கார்டில். செல் கடையில் காசு கொடுத்தால் கார்டு நிறைய ஏற்றித் தருவார்கள். அதில் 'லவ் ஃபெயிலியர்' என்று தனி ஃபோல்டர். பாட்டு அதற்குள்தான் வந்தது. நாலு மாசம் முன்னால், 2011 நவம்பரில், இதே படத்தின் 'கொலவெறி' வந்து 'சூப் பாய்' என்ற பட்டத்தைக் கையில் கொடுத்துவிட்டுப் போயிருந்தது. லேபிள் தயார், ஒட்டப் பாட்டுதான் வரவேண்டியிருந்தது.

கேட்ட இடம் தறிக் கொட்டகை. எட்டு விசைத்தறி ஒரே கூரைக்குக் கீழே ஓடினால் பக்கத்தில் இருப்பவன் கூப்பிடுவதே கேட்காது. மோஹித் சௌஹானின் குரல் அடங்கி வருகிற இடமெல்லாம் தறிக்குப் போய்விடும். உச்சத்துக்கு ஏறுகிற இடம் மட்டும் நாடாச் சத்தத்தைத் தாண்டி வரும். அதாவது உடைந்துபோனவன் கேட்க மாட்டான், கத்துகிறவன்தான் கேட்பான். எங்களுக்கு அது போதுமாக இருந்தது. யாரையோ 'போ' என்கிறான், அப்ப அவ ஏமாத்தியிருக்கா. முடிஞ்சது.

"இதெல்லாம் கிரஞ்சா?" என்று கேட்கிற ராக் பக்தர்களுக்கு ஒரு வார்த்தை. யாரும் அப்படிச் சொல்லி விற்கவில்லைதான். ஆனால் அடங்கி ஆரம்பித்து, தாங்க முடியாமல் வெடித்து, திரும்ப அடங்குகிற வடிவம் 90களில் சியாட்டில் பக்கம் நன்றாகப் பழக்கப்பட்டது. கர்ட் கோபேன் பிறந்த அபர்டீன் மரம் அறுக்கும் ஊர், எங்களுடையது நெசவு ஊர். தனக்கு என்ன ஆச்சு என்று சொல்ல வார்த்தை இல்லாத பையன்கள் இரண்டு ஊரிலும் உண்டு. அவர்களின் இசை என்றுதான் நான் கிரஞ்சைப் புரிந்துகொள்கிறேன். டிஸ்டார்ஷன் பெடலை வைத்து அல்ல.

1991இல் வந்த 'டென்' ஆல்பத்தில் 'பிளாக்' என்று பேர்ல் ஜாமின் பாட்டு ஒன்று இருக்கிறது. அதைத் தனி சிங்கிளாக வெளியிடலாம் என்று கம்பெனி கேட்டது. இசைக்குழு முடியாது என்றுவிட்டது. ரொம்ப சொந்தமான பாட்டு, சந்தையில் கசங்கிவிடும் என்ற பயம். இளம் வயசில் இதைப் படித்தபோது சீன் போடுகிறார்கள் என்று நினைத்தேன். எங்கள் ஊர் ஃபோல்டரை நினைத்தால் அந்தப் பயம் நியாயம் என்றே படுகிறது.

ஏனென்றால் அந்த ஃபோல்டருக்குள் ஒரு ஆளையும் போட்டோம். என் பெரியம்மா மகன். என்னைவிட இரண்டு வயசு மூத்தவன். அந்த வருஷம் ஆடியில் தறிக்கு வருவதை நிறுத்தினான். மூன்று நாள் தூங்காமல் பேசிக்கொண்டே இருப்பான், அப்புறம் இரண்டு வாரம் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பான். இந்தப் பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்பான். நாங்கள் என்ன கேட்டோம்? "எந்தப் பொண்ணுடா?" அவன் பதில் சொல்லவில்லை. நாங்களே ஒரு பெண்ணைக் கண்டுபிடித்தோம். அடுத்த தெரு, பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தவள். அவன் ஒருநாள் அவள் போன பஸ்ஸில் போனான் என்பதுதான் எங்களுக்குக் கிடைத்த ஒரே ஆதாரம். அவனைப் பார்க்கும்போதெல்லாம் செல்லில் பாட்டைப் போட்டோம். ஆறுதலாம்! அவள் தெருவில் போனாலும் போட்டோம்.

பேச்சு அவள் அப்பா காதுக்குப் போனது. பரீட்சை எழுத விடவில்லை. தை மாசம் கல்யாணம்.

அவனைக் கார்த்திகை ஞாயிறுக்கு சோளிங்கர் மலைக்குக் கூட்டிப்போனார்கள். குளத்தில் முங்க வைத்தார்கள். அடுத்த வருஷம்தான் சென்னையில் ஒரு டாக்டர் நோய்க்குப் பெயர் சொன்னார். '3' படத்தில் வருகிற அதே பெயர். அது ஒன்றரை வருஷமாக எங்கள் காதில் விழுந்துகொண்டேதான் இருந்தது.

'பாட்டு அவரவர் அனுபவத்துக்குத் தக்கபடி அர்த்தமாகும், அதில் என்ன தப்பு' என்று எழுதுகிற நண்பர்கள் இருக்கிறார்கள். வாசக சுதந்திரமாம். சரி. ஆனால் ஆயிரம் பேரின் ஆயிரம் அனுபவமும் எப்படி 'அவ ஏமாத்திட்டா' என்ற ஒரே இடத்தில் போய் முட்டுகிறது? இதற்குப் பெயர் சுதந்திரம் இல்லை, பழக்கம். ஆண் அழுதால் அதற்கு ஒரு பெண்தான் காரணமாக இருக்க வேண்டும். நோய், கடன், வேலை எதுவும் இருக்கக்கூடாது. நம்ம ஊர் ஆணுக்கு அழ அனுமதி கிடைக்கிற ஒரே சீட்டு காதல் தோல்வி. அந்தச் சீட்டுக்கான காசை ஒரு பெண்தான் கட்டுகிறாள்.

அண்ணன் இப்போது கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்டுக்குப் போகிறான். மாத்திரை விடாமல் போடுகிறான். போன பொங்கலுக்கு வந்திருந்தபோது டீக்கடையில் அந்தப் பாட்டு ஓடியது. என்னால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவனே பேசினான். "டேய், அந்தப் பொண்ணு பேரு என்னடா? நீங்கதான சொன்னீங்க. எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது."