செவிப்பொறி தொலைந்தால் பக்கத்துப் பிள்ளையைச் சந்தேகிப்பதா?



“கைப்பேசியில் இருப்பிடச் சேவையை அணைத்து வைத்திருந்தாயா? அப்படியென்றால் போனது போனதுதான்!”

இயர்பட்ஸ் என்று பிள்ளைகள் சொல்லும் கம்பியில்லாச் செவிப்பொறியைத் தொலைத்துவிட்டு நிற்கும் பிள்ளையிடம் பெற்றோர் கூறும் முதல் வாக்கியம் பெரும்பாலும் இதுதான். எனக்குக் கவலை தருவது அடுத்து வரும் இரண்டாவது வாக்கியம். “உன் பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தது?”

2020 மார்ச் 18-ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்து, வீட்டிலிருந்தபடியே பாடம் நடந்த காலத்தில் இப்பொருள் பல வீடுகளுக்குள் நுழைந்தது. தொற்றுக் காலம் முடிந்தது; செவிப்பொறி மட்டும் காதை விட்டு இறங்கவில்லை. பள்ளிக்குள் மாணவர்கள் கைப்பேசி கொண்டுவரக்கூடாது என்றாலும் டியூஷன் வகுப்பு, பேருந்து, ஒட்டுக்கடை என்று எல்லா இடங்களிலும் அது உடன் செல்கிறது. தொலைவதும் அங்கேதான். ஆனால் விசாரணை மட்டும் வகுப்பின் புலனக் குழுவிலும், மறுநாள் காலையில் ஆசிரியரின் மேசை முன்பும் நடக்கிறது.

இருப்பிடச் சேவை அணைந்திருந்தால் தேட வழியே இல்லை என்பது சரியன்று. அது இயங்கிக்கொண்டிருந்தாலும், வரைபடத்தில் தெரியும் புள்ளி எந்தப் பிள்ளைக்கும் எதிரான சாட்சியாகாது. இவ்விரண்டையும் பெற்றோர்கள் விளங்கிக்கொண்டால் பல மனக்கசப்புகளைத் தவிர்க்கலாம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். செவிப்பொறிக்குத் தான் எங்கே இருக்கிறோம் என்பது தெரியாது. அதற்குள் செயற்கைக்கோளுடன் தொடர்புகொள்ளும் கருவி எதுவும் இல்லை. புளூடூத் அலை வழியாகக் கைப்பேசியோடு பேசுவது ஒன்றே அதற்குத் தெரியும். அந்தப் பேச்சு கடைசியாக அறுந்தபோது தான் எங்கே இருந்தோம் என்பதைக் கைப்பேசிதான் குறித்து வைக்கிறது. இருப்பிடச் சேவை அணைந்திருந்தால் அந்தக் குறிப்பு இராது. பிறகு அதை இயக்கினாலும் நடந்துபோன நேரத்துக்குரிய குறிப்பு திரும்பி வராது.

சில விலையுயர்ந்த வகைகளில் மட்டும் நிலைமை வேறு. ஆப்பிள் நிறுவனம் 2021-இல் ஏர்பாட்ஸ் புரோ முதலிய சில வகைகளையும், கூகுள் நிறுவனம் 2024-இல் ஆண்ட்ராய்டு உலகத்தையும் இத்தகைய தேடல் வலையமைப்பில் இணைத்தன. அவற்றில், அவ்வழியே செல்லும் முன்பின் அறியாதவரின் கைப்பேசியும் தொலைந்த பொருளின் இருப்பிடத்தை ஓசையின்றித் தெரிவிக்கும். உங்கள் கைப்பேசி அன்று இருப்பிடத்தைக் குறிக்காவிட்டாலும், முன்பே பதிவு செய்து வைத்திருந்தால் வாய்ப்புண்டு. இரவுச் சந்தையில் முப்பது நாற்பது வெள்ளிக்கு வாங்கியதிடம் இதை எதிர்பார்க்க வேண்டாம்!

சரி, புள்ளி இல்லை. வேறு என்ன இருக்கிறது? நேரம் இருக்கிறது.

என் முன்னாள் மாணவன் ஒருவன், இப்போது இரண்டாம் படிவம் பயில்பவன், ஒரு சனிக்கிழமை செவிப்பொறியைத் தொலைத்தான். அவன் கைப்பேசியிலும் இருப்பிடச் சேவை இயங்கவில்லை. ஒரு தாளை எடுத்து, கைப்பேசியில் நேரத்தோடு பதிவாகியிருக்கும் யாவற்றையும் எழுதும்படிச் சொன்னேன். காலை 8.10-க்கு வந்த அழைப்பைச் செவிப்பொறியில் பேசியிருக்கிறான். 8.35-க்கு, ஜெலுத்தோங் சந்தைக்கு அருகில் பசியாறியதற்கு டச் அண்ட் கோ மின்பணப்பையில் பணம் செலுத்தியிருக்கிறான். 9.05-க்கு வந்த அழைப்பின்போது செவிப்பொறி இல்லை; கைப்பேசியைக் காதில் வைத்துப் பேசியது நினைவுக்கு வந்தது. தேட வேண்டிய பரப்பு பினாங்குத் தீவு முழுவதிலிருந்து ஓர் ஒட்டுக்கடைக்கும் ஒரு பேருந்து நிறுத்தத்துக்கும் இடைப்பட்ட தொலைவாகச் சுருங்கிவிட்டது. கடைக்கார அம்மா அதை மிலோ டப்பாவுக்குள் பத்திரமாக வைத்திருந்தார். “யாராவது வந்து கேட்பார்கள் என்று தெரியும் ஐயா” என்றாராம்.

அழைப்புப் பட்டியல், புலனச் செய்திகள், படங்கள், பணம் செலுத்திய விவரம் ஆகியவை எல்லாம் இருப்பிடச் சேவை இல்லாமலே நேரத்தைக் காட்டும். பிள்ளைகளுக்குக் கட்டுரை எழுதக் கற்றுத்தரும் நாம் இதையும் கற்றுத்தரலாமே? நடந்ததை நேர வரிசைப்படி எழுதுவது ஐந்தாம் ஆண்டுப் பாடந்தானே!

இடத்தை நெருங்கிய பிறகு அலையும் ஒலியும் உதவும். புளூடூத்துக்கு ஏறக்குறைய பத்து மீட்டர் எட்டும். சுவர் குறுக்கிட்டால் இன்னும் குறையும். மெதுவாக நடந்துகொண்டே கைப்பேசியைக் கவனியுங்கள். இணைப்பு கிடைத்த இடத்தில் நின்று, மின்விசிறியை நிறுத்திவிட்டு, கீச்சென்ற ஒலியுடைய ஏதாவது ஒன்றை முழு ஒலியளவில் ஒலிக்க விடுங்கள். அந்நேரத்தில் யார் காதிலும் அது இருக்கக்கூடாது. அலையின் வலிமையை எண்ணாகக் காட்டும் செயலிகளும் உள்ளன. அந்த எண் கழித்தல் குறியோடு இருக்கும். சுழியை நெருங்க நெருங்கப் பொருளும் நெருங்குகிறது என்று பொருள். (பழைய ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் இச்செயலி வேலை செய்யவே இருப்பிடச் சேவையை இயக்க வேண்டும் என்பது வேடிக்கை.) ஆனால் உறைக்குள் மூடிக் கிடந்தால் பெரும்பாலான வகைகள் ஊமைதான். வெளியே கிடப்பதற்கும் சில மணி நேரத்தில் மின்கலம் தீர்ந்துவிடும். ஆகவே திட்டுவதை இரவுக்கு ஒத்திவைத்துவிட்டு உடனே தேடுவது நல்லது.

இனி அந்தப் புள்ளிக்கு வருவோம்.

திறந்த வானத்தின் கீழேயே கைப்பேசியின் கணிப்பு ஏறக்குறைய ஐந்து மீட்டர் பிசகலாம். கட்டடங்களுக்கு நடுவே பிசகு இன்னும் கூடும். நம் ஜெலுத்தோங் வட்டாரத்தில் எத்தனை அடுக்குமாடிகள்! வரைபடத்துப் புள்ளி எந்த மாடி என்று சொல்லாது. வட்டத்துக்குள் ஒரு மாடிக்கு நான்கு வீடுகள் என்று வைத்துக்கொண்டால், பதினைந்து மாடியில் அறுபது வீடுகள். அந்த அறுபதில் மகனின் வகுப்புத் தோழன் ஒருவனின் வீடும் இருந்தால், நம் மனம் எந்தக் கதவைத் தட்டும்?

அமெரிக்காவில் காவல் துறையினரே இப்படித் தட்டினார்கள். தட்டவில்லை, உடைத்தார்கள். 2023 மே மாதம், மிசௌரி மாநிலத்தின் செயிண்ட் லூயிஸ் வட்டாரத்தில், கடத்தப்பட்ட ஒரு வாகனத்தில் இருந்த ஏர்பாட்ஸின் புள்ளியைப் பின்தொடர்ந்து ஆயுதம் தாங்கிய காவலர்கள் சிறு பிள்ளைகள் இருந்த வீட்டுக்குள் புகுந்தனர். ஏர்பாட்ஸ் கிடந்தது வீட்டுக்கு வெளியே, தெருவில்! அதற்கு முந்திய ஆண்டு டென்வர் நகரில், களவுபோன கைப்பேசியின் புள்ளியை நம்பி 77 வயது மூதாட்டியின் வீட்டைச் சோதித்தார்கள். அவருக்கு 37.6 இலட்சம் டாலர் இழப்பீடு வழங்க வேண்டும் என்று 2024-இல் நடுவர் குழு தீர்ப்பளித்தது.

பத்து வயதுப் பிள்ளைக்கு எந்த நடுவர் குழு இருக்கிறது? ஐந்தாம் ஆண்டில் “அவன்தான் எடுத்தான்” என்று ஒருமுறை பேச்சு எழுந்தால், பொருள் மகிழுந்தின் இருக்கைக்கு அடியில் கிடைத்த பிறகும் அப்பேச்சு ஓய்வதில்லை. குழுவில் குற்றஞ்சாட்டியவர் “கிடைத்துவிட்டது, நன்றி” என்று கைகூப்பும் படம் ஒன்றைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார். ஆகவேதான், பெயரைச் சொல்லி ஒரு பிள்ளையின் பையை மட்டும் சோதித்துப் பாருங்கள் என்று யார் கேட்டாலும் நான் இணங்குவதில்லை. இதனால் சில பெற்றோருக்கு என்மீது வருத்தம் உண்டு. இருக்கட்டும்.

“அப்படியானால் இனி எப்போதும் இயக்கியே வைக்கிறோம் ஐயா” என்பார்கள். பிள்ளையின் பாதுகாப்புக்காக என்றால் அதைக் குடும்பத்தில் பேசி முடிவு செய்யுங்கள்; அதில் எனக்கு மறுப்பில்லை. நூற்றைம்பது வெள்ளிப் பொருளுக்காக என்றால், பிள்ளை போகும் வரும் இடமெல்லாம் நாள் தவறாமல் பதிவாவது அதிக விலையாகவே எனக்குப் படுகிறது. பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் மின்னணுப் பொருள்களோடு நாள்தோறும் பழகும் பெற்றோர்கள் நம்மிடையே பலர் இருக்கின்றனர். ஒருநாள் பள்ளிக்கு வந்து இக்கருவி எதை அறியும், எதை அறியாது என்று பிள்ளைகளுக்கு விளக்கினால் மகிழ்வேன்.

பி.கு.: பள்ளி அலுவலகத்தின் பெட்டியில் இடக்காதுச் செவிப்பொறிகள் இரண்டும் வெள்ளை நிற உறை ஒன்றும் உள்ளன. வாயிற்காவலர் வாகனங்கள் நிற்குமிடத்தில் கண்டெடுத்தவை. பிள்ளைகளை ஏற்றிச் செல்ல வரும் பெற்றோர்கள் தங்களுடையவையா என்று பார்த்துக்கொள்ளவும்.