சாயம் ஏற்றுமுன் ஒரு சொட்டு நீர்

உங்கள் பள்ளி ஆய்வகத்தில் பரமேசியத்தைப் பார்த்திருக்கிறீர்களா? பார்த்திருந்தால், பெரும்பாலும் அது சாயம் ஏற்றிப் பதப்படுத்திய சிலைடாகத்தான் இருந்திருக்கும். உட்கருவும் மற்ற பாகங்களும் அதில் தெளிவாகத் தெரியும். ஆனால் அது நீந்தாது. அதன் சுருங்கும் நுண்குமிழி சுருங்காது. உயிரியல் பாடம் உயிருள்ளதிலிருந்து தொடங்க வேண்டும் என்பதே என் கருத்து.

கடலூர், சிதம்பரம் மாணவர்களுக்கு இதில் குறையே இல்லை. இரண்டு ஊர்களுக்கும் இடையே, வெள்ளாறு கடலில் கலக்கும் பரங்கிப்பேட்டையில்தான் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது. கழிமுகத்து நீர் ஒரு சொட்டிலே டயாட்டம் போன்ற நுண்ணுயிர்களைக் காணலாம். குளத்து நீரிலும் வயல் நீரிலும் வேறு வகைகள் உண்டு.

சாயம் இல்லாமல் அவை ஏன் மங்கலாகத் தெரிகின்றன? நீரைப் போலவே செல்லும் ஒளியை ஊடுருவ விடுகிறது. செல்லைக் கடக்கும் ஒளி அலை சற்றே பின்தங்குகிறது. ஆனால் பிரகாசம் அவ்வளவாகக் குறைவதில்லை. பின்தங்குவதை நம் கண் உணராது. இந்தக் கட்ட வேறுபாட்டை ஒளி, நிழல் வேறுபாடாக மாற்றும் வழியைக் கண்டவர் டச்சு விஞ்ஞானி ஃபிரிட்ஸ் செர்னிகே. அதற்காக 1953-ல் நோபல் பரிசு பெற்றார்.

கட்ட வேறுபாட்டு நுண்ணோக்கியை வாங்கினால் மட்டும் போதாது. அதைச் சரியாக அமைக்கவும் வேண்டும். முதலில் விளக்கின் ஒளியை நடுவில் கொண்டு வர வேண்டும். பொருளருகு லென்ஸுக்கு உரிய வளையத்தையே ஒளிகுவிப்பானில் வைக்க வேண்டும். பிறகு கண்ணருகு லென்ஸை எடுத்துவிட்டு, அதற்கென உள்ள சிறு தொலைநோக்கியைச் செருகிப் பார்த்தால் ஒரு ஒளி வளையமும் ஒரு கரு வளையமும் தெரியும். திருகுகளைத் திருப்பி இரண்டையும் ஒன்றன் மேல் ஒன்றாகப் பொருத்த வேண்டும். வளையங்கள் விலகியிருந்தால் விலையுயர்ந்த கருவியும் சாதாரணக் கருவியே!

"எங்கள் பள்ளியில் அது இல்லையே!" என்கிறீர்களா? கவலை வேண்டாம். ஒளிகுவிப்பான் இருந்தால் அதன் அடியில், நடுவிலே, வட்டமான கறுப்புக் காகிதம் ஒன்றை வையுங்கள். கண்ணருகு லென்ஸை எடுத்துவிட்டுக் குழாய்க்குள் பாருங்கள். ஒளி வட்டம் முழுவதும் மறைந்திருந்தால் அளவு சரி. லென்ஸை மீண்டும் பொருத்தி, குறைந்த உருப்பெருக்கத்தில் பாருங்கள். கரிய பின்னணியில் உயிர்கள் மின்னும். ஒளிகுவிப்பான் இல்லையா? கீழே உள்ள ஆடியைச் சற்றே சாய்த்துப் பாருங்கள். விளிம்புகள் எடுப்பாகத் தெரியும். ஆனால் சூரியனை மட்டும் ஆடியில் பிடிக்கவே கூடாது. கண் பார்வை கெட்டுவிடும்.

சாயம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உட்கருவைத் தெளிவாகக் காட்ட அது வேண்டும். ஆனால் பதப்படுத்திய சிலைடுக்கு முன் உயிருள்ள ஒரு சொட்டைக் காட்டும்படி உங்கள் ஆசிரியரிடம் கேளுங்கள். அது நியாயமான கோரிக்கைதானே?