ஷட்டரில் எண்ணெய் விடாதீர்கள்



சிங்கப்பூரில் இருக்கும் நம் மாணவர் ஒருவர் போன வாரம் ஒரு படம் அனுப்பியிருந்தார். அவருடைய அப்பா திருமயத்தில் ஸ்டுடியோ வைத்திருந்தபோது பயன்படுத்திய யாஷிகா 635. "சார், ஷட்டர் திறந்தா மூட மாட்டேங்குது. தையல் மெஷின் எண்ணெய் ரெண்டு சொட்டு விடலாமா? இல்ல, அப்படியே ஷோகேஸ்ல வச்சிடவா?" என்று கேட்டிருந்தார். இரண்டும் வேண்டாம் என்பதுதான் என் பதில். அவருக்கு மட்டும் சொல்லாமல் இங்கே எழுதுகிறேன். ஏனென்றால் உங்களில் பலர் வீட்டுப் பரணிலும் இப்படி ஒன்று கிடக்கும். யாஷிகா இல்லையென்றால் ஒரு ஆக்ஃபா கிளிக் 3.

எண்ணெய் ஏன் கூடாது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். இந்தக் கேமராவின் ஷட்டர், லென்ஸுக்கு நடுவே உட்கார்ந்திருக்கும் மெல்லிய எஃகு இதழ்கள். ஒன்றன்மேல் ஒன்று படிந்து சறுக்கித்தான் திறந்து மூடும். அவை உலர்ந்தே இருக்க வேண்டும். இரண்டு கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவே ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பிரித்துப் பாருங்கள், ஒட்டிக்கொண்டு வராது. இதழ்களுக்கு நடுவே எண்ணெய் போனாலும் அதே கதைதான். பெரும்பாலும் யாரும் எண்ணெய் விட்டிருக்கவே மாட்டார்கள். உள்ளே இருந்த பழைய கிரீஸ், வருஷக் கணக்கான வெயிலில் இளகி, தானாகவே இதழ்வரை ஊர்ந்து வந்திருக்கும். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் பீரோவுக்குள் என்ன சூடு இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொரு கோளாறும் உண்டு. 1/250, 1/500 வேகங்களில் நன்றாக அடிக்கும். ஒரு செகண்ட், அரை செகண்டில் வைத்தால் பாதியில் நின்றுவிடும். இது இதழின் குற்றமல்ல. மெதுவான வேகங்களைத் தாமதப்படுத்த, கடிகாரத்தில் இருப்பதைப் போலச் சின்னப் பல்சக்கர வரிசை ஒன்று உள்ளே இருக்கிறது. ஒரு செகண்டில் வைத்தால் 'கிர்ர்ர்' என்று கேட்குமே, அதுதான். அதிலிருந்த எண்ணெய் பிசினாகிவிட்டது. காது கொடுத்துக் கேட்டால் சத்தம் நடுவில் திணறுவது தெரியும்.

பரிசோதிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். பின்கதவைத் திறந்து, லென்ஸை வெளிச்சமான சுவரைப் பார்க்க வைத்து, செல்போனில் நொடிக்கு 240 படம் எடுக்கும் ஸ்லோமோஷனில் பதிவு செய்யுங்கள். 1/30 வேகத்தில் இதழ் திறந்திருப்பது ஏறத்தாழ 8 படங்களில் தெரிய வேண்டும். 16 வந்தால் பிலிமில் இரண்டு மடங்கு வெளிச்சம் விழுகிறது என்று அர்த்தம். கறுப்பு வெள்ளை நெகட்டிவ் அதைப் பொறுத்துக்கொள்ளும். அதனால்தான் பல ஸ்டுடியோக்களில் ஷட்டர் சோம்பிப்போனதே வெகுநாள் தெரியாமல் இருந்திருக்கும்!

வைத்தியம் கழுவுவதுதான். முன்பக்க லென்ஸைக் கழற்றி, வாட்ச் ரிப்பேர்க்காரர்கள் பாகங்களைக் கழுவும் வெள்ளை பெட்ரோலையோ லைட்டர் திரவத்தையோ பஞ்சுக் குச்சியில் தொட்டுத் துடைக்க வேண்டும். ஷட்டரை அடித்துப் பார்த்து, திரும்பத் துடைத்து, உலரவிட்டு, மறுபடி துடைக்க வேண்டும். மொத்தமாக ஊற்றினால் அழுக்கு ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போகும், அவ்வளவுதான். ஒரு வாரத்தில் மறுபடி ஒட்டும். பல்சக்கர அச்சுகளில் மட்டும் ஊசி முனையளவு கடிகார எண்ணெய். நகப்பூச்சு அழிக்கும் திரவம் கூடவே கூடாது, பெயின்ட்டைத் தின்றுவிடும். அடுப்பு பக்கத்தில் இந்த வேலையைச் செய்யாதீர்கள். தானாகப் படம் எடுக்கும் டைமர் நெம்புகோலையும் தொடாதீர்கள். அது நடுவில் சிக்கினால் ஷட்டரையும் சேர்த்து நிறுத்திவிடும்.

இனி நான் சொல்ல வந்த விஷயம். இந்த வேலை தெரிந்தவர்களிடம் கொடுக்கிறோம். அவர் அரை நாள் உட்கார்ந்து கழுவிக் கொடுக்கிறார். "என்ன பார்ட் மாத்துனீங்க?" என்று கேட்கிறோம். "ஒண்ணும் மாத்தலைங்க, கிளீன் பண்ணினேன்" என்றால் நமக்குப் பணம் எடுக்க மனசு வருவதில்லை. செல்போனுக்குத் திரை மாற்ற ஆயிரக்கணக்கில் வாய் திறக்காமல் கொடுக்கிற நாம், இங்கே நூறு ரூபாய்க்கு மல்லுக்கட்டுகிறோம். பாகத்துக்கு விலை உண்டு, கைக்கு விலை இல்லை என்ற இந்தப் புத்திதான் அந்தத் தொழிலை முடித்துவைக்கிறது. அந்த மனிதர் தன் பிள்ளைக்கு இதைக் கற்றுத்தருவாரா? நானாக இருந்தாலும் தரமாட்டேன்.

மத்திய அரசு 2022-ல் பழுதுபார்க்கும் உரிமைக்காக ஓர் இணையதளம் தொடங்கியது. விவசாயக் கருவி, மொபைல் உள்ளிட்ட மின்னணுச் சாதனங்கள், வீட்டு உபயோகப் பொருட்கள், வாகனம் ஆகியவற்றைச் செய்யும் கம்பெனிகள் பழுதுபார்க்கும் விவரங்களைத் தர வேண்டும் என்பது நோக்கம். நல்ல காரியம். ஆனால் யாஷிகாவை 1983-ல் வாங்கிய கியோசெரா, 2005-ல் கேமரா தொழிலையே விட்டுவிட்டது. யாரிடம் போய் உரிமை கேட்பது? ஊட்டியில் 1960-ல் தொடங்கி 'இந்து' பிலிம் தந்த நம் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸும் மூடிக்கிடக்கிறது. மிச்சம் இருப்பது கைத்திறன் மட்டும்தான்.

படங்களைக் காப்பாற்றவாவது சிலர் முனைந்தார்கள். புதுச்சேரியில் இருக்கும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு தமிழ்நாட்டுப் பழைய ஸ்டுடியோ படங்களை ஸ்கேன் செய்து வைத்திருக்கிறது. அந்தப் படங்களை எடுத்த பெட்டிகளைப் பிரித்துச் சேர்க்கத் தெரிந்த விரல்களை ஸ்கேன் செய்ய முடியாதே.

"பிலிம் விக்கிற விலைக்கு இதெல்லாம் எதுக்கு சார்?" என்று சிலர் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 120 பிலிமில் மொத்தமே 12 படம். செல்போன் படம்தான் சௌகரியம், அதில் எனக்குச் சண்டை இல்லை. தினமும் எடுக்கச் சொல்லவில்லை. கோட்டை மேல் பீரங்கிப் பக்கத்தில் உங்களையெல்லாம் வரிசையாக நிற்கவைத்து எடுத்த வகுப்புப் படங்கள் இப்படி ஒரு பெட்டியில் பிறந்தவைதான். வருஷத்துக்கு ஒரு ரோல் போடுங்கள், பொங்கலுக்குக் குடும்பத்தோடு. பிலிம் போடாத மாதங்களிலும் எல்லா வேகத்திலும் நாலு தடவை அடித்து வையுங்கள். சும்மா கிடந்தால் மறுபடி பிசின் பிடிக்கும். ஷோகேஸ் வேண்டாம் என்று நான் சொன்னதும் இதனால்தான்.

சிங்கப்பூர்த் தம்பிக்கு: பஞ்சுக் குச்சியோடு நீயே உட்காராதே. அப்பாவின் கேமராவில் கைபழக வேண்டாம். பழகுவதற்கு ஒரு பழைய கிளிக் 3 வாங்கிக்கொள்.

உங்கள் ஊரில் கேமராவைத் திறக்கத் தெரிந்தவர் யாராவது இன்னும் கடை வைத்திருந்தால், ஊரின் பெயரைக் கீழே எழுதுங்கள். போன் நம்பரை அவரிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள்.